கருவாட்டுப் பொறி

அன்புள்ள தம்பிக்கு,

பாகல் பிஞ்சு வெம்பி விழுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். விழுந்ததில் ஒன்றை அறுத்துப் பார்த்தாயா? உள்ளே வெள்ளைப் புழு நெளிந்து, தரையில் விட்டால் வில்லாய் வளைந்து துள்ளினால் அது பழ ஈயின் புழு. தாய் ஈ தோலுக்கடியில் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். சதைக்குள் இருக்கிற புழுவை மேலே தெளிக்கிற மருந்து எப்படித் தொடும்? ஈ பந்தலுக்கு வருகிற நேரம் உனக்குத் தெரிய வேண்டும். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு பொறி கட்டு.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கழுத்துக்குச் சற்றுக் கீழே, காய்ச்சிய ஆணியால் பென்சில் நுழைகிற அளவில் ஆறு ஓட்டை. அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், அதில் கொஞ்சம் சோப்பு. சோப்பு இல்லையென்றால் ஈ தண்ணீர் மேல் நின்று பறந்துவிடும். கருவாட்டை இடித்து நனைத்து, சின்ன முடிச்சாகத் துணியில் கட்டி, மூடியிலிருந்து நூலில் தொங்கவிடு. விலையுயர்ந்த கருவாடு வேண்டாம், நாற்றம்தான் வேலை செய்கிறது. காய் தொங்குகிற உயரத்தில், நிழலில் கட்டு. கட்டுகிற கம்பியில் கிரீஸ் தடவ மறக்காதே. எறும்பு உள்ளே இறங்கிச் செத்த ஈயைத் தூக்கிப் போய்விடும், உன் கணக்கும் அதோடு போகும்.

ஏன் கருவாடு? பெண் ஈக்கு முட்டை முற்றப் புரதம் வேண்டும். அந்தப் பசி அதை இழுத்து வருகிறது. கடையில் விற்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈயை மட்டும் இழுக்கும். பீகாரின் பூசாவில் வேலை பார்த்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரொனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈ மொய்ப்பதை 1912இல் எழுதினார். இழுப்பது அந்த எண்ணெயில் இருக்கிற மீத்தைல் யூஜினால் என்பது பிறகு தெரிந்தது. நம் வீட்டுத் துளசியிலும் அது உண்டு. ஆனால் அது மாந்தோப்பு ஈக்கு. பாகல், புடலை, பீர்க்கனைத் துளைக்கிற ஈ கியூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருளுக்குத்தான் வரும். கடையில் மாற்றிக் கொடுத்தால் உன் பந்தலில் அது வெறும் தோரணம்.

முதல் வருடம் நானும் பொறி கட்டினேன். பாட்டில் கறுக்கக் கறுக்க ஈ விழுந்ததைப் பார்த்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஒரு பெரியவர் வந்து பாட்டிலைக் கவிழ்த்துக் குச்சியால் கிளறினார். முக்கால்வாசி வீட்டு ஈ. அந்த வாரம்தான் பந்தலில் நல்ல காயெல்லாம் சொத்தையாகிக்கொண்டிருந்தது. நீ ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரி. வீட்டு ஈ சாம்பல் நிறம். பழ ஈ செம்பழுப்பு, முதுகில் மஞ்சள் கோடு, இறக்கையில் கரும்பழுப்புத் தீற்றல். சட்டென்று பார்த்தால் குளவிக் குஞ்சு மாதிரி இருக்கும்.

வாரத்தில் ஒரே நாளில் எண்ணு. பொறிக்கு ஒரு நம்பர், நோட்டில் தேதி, எண்ணிக்கை, அன்று மழையா வெயிலா. சும்மா தோராயமாக எழுதுவதானால் எழுதவே வேண்டாம். கருவாடு காய்ந்து நாற்றம் தணிந்தால் புதிதாக வை. இல்லாவிட்டால் ஈ குறைந்துவிட்டதென்று ஏமாந்துபோவாய். பழையதைப் பந்தலுக்குள் எறியாதே, தள்ளிப் புதை.

ஈயைக் குறைக்கவே கட்டுகிறவர்கள் ஏக்கருக்கு 20 பொறி வரை கட்டுகிறார்கள். உளவு பார்க்க உனக்கு நாலைந்து போதும். போன வாரத்தைவிட எண்ணிக்கை ஏறினால் அன்றே வெம்பிய காயையெல்லாம் பொறுக்கி ஆழமாகப் புதை, பந்தலடி மண்ணைக் கொத்திவிடு. கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் இருக்கிறது. வெயிலிலும் கோழி வாயிலும் பாதி போகும். இந்த வேலை அலுப்பாக இருக்கும், தெரிந்துதான் சொல்கிறேன்.

பூனை பாட்டிலை இழுத்துப் போடும், எனக்கு மூன்று முறை நடந்தது. அப்படி ஆனால் அந்த வாரத்துக்குச் சுழியம் போடாதே, 'பூனை' என்று எழுது. நாலு வாரக் கணக்கை எனக்கு அனுப்பு, மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்