இடைவெளிக்கும் எடை உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

எண்களின் வரிசையைக் கண்டதும் கூட்டி வகுத்துச் சராசரி எடுக்கக் கை பரபரக்கும். அளவுகள் சம இடைவெளியில் எடுக்கப்பட்டிருந்தால்தான் அதை நம்பலாம். 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர வரையறை இதை வெளிப்படையாகவே கேட்கிறது: ஆண்டுச் சராசரிக்குக் குறைந்தது 104 அளவீடுகள், வாரத்துக்கு இரண்டு, சீரான இடைவெளியில்.   

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஆலையருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்ட அளவு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். அதே தேசிய வரையறையில் வரம்பு 400, ஆனால் அது 24 மணி நேரச் சராசரிக்கு உரியது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? ஒரு கற்பனைக் கணக்கைப் பார். நள்ளிரவில் 2,000, ஒரு மணிக்கு 1,000, இரண்டு மணிக்கு 400, மறுநாள் நள்ளிரவில் 100. கூட்டி வகுத்தால் 875. புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கோட்டின் கீழுள்ள பரப்பை 24-ஆல் வகுத்தால் 321. முதல் கணக்கில், இரண்டு மணி நேரத்துக்குள் நெருக்கி எடுத்த மூன்று அளவுகள் நாள் முழுவதற்கும் பேசிவிடுகின்றன.

அப்படியானால் இந்தப் பரப்பு முறை ஆலைக்குச் சாதகமாகாதா என்று நீ கேட்கலாம். அந்தப் பரப்பில் 71 விழுக்காடு, எதுவுமே அளக்கப்படாத 22 மணி நேரத்திலிருந்து வருகிறது. அங்கே இருப்பது நாம் போட்ட கோடு மட்டுமே. எனவே 321-ஐ வைத்து ‘வரம்புக்குள்’ என்று தீர்ப்பெழுத முடியாது. மூச்சுத் திணறியவருக்கு நாள் சராசரியும் பதிலாகாது. உச்ச அளவைத் தனியே சொல்லியாக வேண்டும். கணினியைக் கொண்டு இடையில் புள்ளிகளை நிரப்பலாமே என்றால், நிரப்பியவை புதிதாக எதையும் சொல்வதில்லை. வெற்றிடத்தைப் பார்வையிலிருந்து மறைக்கின்றன, அவ்வளவே.

ஆகவே கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி காற்று அளவீட்டு நிலையங்களின் தரவு கைக்கு வந்தால், முதலில் அடுத்தடுத்த தேதிகளின் வித்தியாசத்தை எழுது. மிகப் பெரிய இடைவெளியை முடிவோடு சேர்த்தே அறிவி. அது ஏன் விழுந்தது என்றும் விசாரி. மின்தடையால் தற்செயலாக விட்டுப்போன நாள்களைக் கணக்கு ஓரளவு தாங்கும். புகை மிகுந்த நாள்களில் மட்டும் கருவி ஓயுமானால், எந்தக் கணக்காலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

அன்புடன்,
அண்ணன்