கடைக் கம்ப்யூட்டரின் கடிகாரம்

இராக்கடை நடத்தும் வர்த்தகச் சகோதரர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தை, நாம் பட்ட அனுபவத்தோடு இங்கே எழுதுகிறோம்.

நமது உணவுக்கடையில் சில வாரங்களாகச் சனிக்கிழமைதோறும் கல்லாப் பணம், பில் கணக்கைவிடக் குறைந்து வந்தது. கல்லாவில் நின்ற தம்பியைச் சந்தேகித்தோம், சம்பளத்திலும் பிடித்தோம். ஞாயிறுதோறும் பணம் மிஞ்சியதை மட்டும் நாம் பொருட்படுத்தவில்லை!

குற்றம் தம்பியிடம் இல்லை. கடைக் கம்ப்யூட்டரின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. நாம் பணத்தை எண்ணுவது நள்ளிரவில். யந்திரம் தேதியை மாற்றியதோ அதற்கும் இரண்டரை மணி கழித்து. ஆகவே, நள்ளிரவுக்குப் பின் வரும் பெருங்கூட்டத்தின் விற்பனை சனிக்கிழமைப் பில்லில் ஏறியது. பணம் ஞாயிற்றுக்கிழமைக் கல்லாவில் விழுந்தது.

இப்பிசகு எப்படி நேர்ந்தது? கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறு படிகம் அதிர்ந்து நேரத்தைக் காட்டுகிறது. அது நாளொன்றுக்கு ஓரிரு வினாடி தவறுவது சகஜம். ஆகையால் இணையத்தின் வழியே ஒரு நல்ல கடிகாரத்திடம் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதற்கான என்.டி.பி. என்னும் முறையை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க அறிஞர்; 1985ல் அது வெளியாயிற்று.

அதன் சூட்சுமம் நம் வியாபாரக் கணக்குப் போன்றதே. பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்பி மணி கேட்பதாக வைத்துக்கொள்வோம். நம் கடிகாரப்படி 10.00க்குப் புறப்பட்டான். அங்கே சேர்ந்தபோது அவர்கள் கடிகாரத்தில் 10.05, திரும்பப் புறப்பட்டபோது 10.06. நம்மிடம் வந்தபோது நம் கடிகாரத்தில் 10.03. சென்று வந்த மூன்று நிமிஷத்தில் அங்கே நின்ற ஒரு நிமிஷத்தைக் கழித்தால், நடை இரண்டு. ஒரு வழிக்கு ஒன்று. ஆகவே அவன் வந்து சேர்ந்தபோது அங்கே 10.07; நம் கடிகாரம் நான்கு நிமிஷம் பின்! போகும் நேரமும் வரும் நேரமும் சமமாயிருந்தால்தான் இக்கணக்குச் சரி. சமமில்லாவிட்டால் சிறிது பிசகும்.

முக்கியமானது இனித்தான். இணையம் கொண்டுவருவது உலகப் பொது நேரம் மட்டுமே. உள்ளூர் நேரத்தைக் கூட்டிக்கொள்வது நம் யந்திரம். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1ல் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதுமுதல் நாம் எட்டு மணி கூட்டுகிறோம். சென்னைக்கு ஐந்தரை. நமது கம்ப்யூட்டரோ சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்தது! நேர மண்டலத்தை மாற்றாமல், தானாகத் திருத்தும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, மணியை மட்டும் கையால் தள்ளிவைத்தோம். பிறகு பழுது பார்க்க வந்தவர் அவ்வேற்பாட்டைத் திரும்ப இயக்கிவிட்டார். கடிகாரம் சென்னை நேரத்துக்கே போய்விட்டது.

விண்டோஸ் கம்ப்யூட்டரானால், தேதி, நேரம் அமைக்கும் இடத்தில் முதலில் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ என்ற மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகே தானாகத் திருத்தும்படி விட வேண்டும். மலேசியாவில் 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக வந்த இ-இன்வாய்ஸில் உலகப் பொது நேரமே குறிக்கப்படுவதால், மண்டலம் தவறினால் அங்கும் தொல்லைதான். யந்திரத்தை அணைத்துத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போனால், உள்ளிருக்கும் நாணயம் போன்ற பாட்டரியை மாற்றுவது அவசியம்.

தம்பியை அழைத்து, பழைய பில்களை மணிவாரியாகப் பிரித்துக் காட்டினோம். பிடித்த சம்பளத்தையும் அன்றே கொடுத்துவிட்டோம்.