வீட்டு வானிலை நிலையத்தின் பாரமானியைத் திருத்தும் முறை

அருவி வெட்டுக்கு ஆயத்தமாக நெல் முற்றி நிற்கும் நாட்களில், அடுத்த இரண்டு நாளில் மழை வருமா வராதா என்பதே கமக்காரரின் முதற் கவலை. வெட்டிய உப்பட்டி நனைந்தால் மணி முளைத்துவிடும். பிடுங்கிய வெங்காயம் நனைந்தால் அழுகும். பெருமழைக்கு முன்னாள் இட்ட யூரியா வாய்க்காலோடு போய்விடும். ஆகையால், இந்நாளில் கமக்காரர் சிலர் தம் வீட்டிலேயே சிறு வானிலை நிலையம் ஒன்றை அமைத்து, மழை, வெப்பம், ஈரப்பதன், வளியமுக்கம் என்பவற்றைக் கணினி மூலம் பதிந்து வருகின்றனர். இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் பிழையான பாரமானி, பாரமானி இல்லாமையிலும் கெட்டது. அது வீணான அச்சத்தையோ வீணான துணிவையோ தரும். எனவே, பாரமானியைத் திருத்தும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

பாரமானி அளப்பது யாது?

நமக்கு மேலேயுள்ள வளியின் நிறையே வளியமுக்கம். இது ஹெக்டோபாஸ்கல் என்னும் அலகில் கூறப்படும். முன்னர் மில்லிபார் என வழங்கியதும் இதே அளவுதான். கடல் மட்டத்தில் நியம அமுக்கம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் ஆகும். மேலே செல்லச் செல்ல வளி குறைவதால் அமுக்கமும் குறையும். 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள தாழ்நிலத்தில், ஏறக்குறைய ஒவ்வொரு 8.7 மீற்றர் உயரத்துக்கும் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் பாரமானி 810 ஐ அண்டியே காட்டும். இது புயலின் அடையாளமன்று, உயரத்தின் விளைவேயாகும்.

வெவ்வேறு உயரமுள்ள இடங்களின் அமுக்கங்களை ஒப்பிடுதற்கு, அவற்றையெல்லாம் கடல் மட்டத்தில் அளந்தாற்போல் மாற்றிக் கணித்தல் வேண்டும். ஆகவே இரண்டு அளவுகளை வேறுபடுத்தி அறிதல் அவசியம். கருவி உள்ள இடத்தில் உள்ளபடியே காணும் அளவு நிலைய அமுக்கம். உயரத்துக்கேற்பக் கூட்டிக் கண்ட அளவு கடல்மட்ட அமுக்கம். வானிலை அறிக்கைகளில் வருவது பெரும்பாலும் பின்னையதே.

கருவியும் கணினியும்

பழைய திரவமில் பாரமானியின் பின்புறத்தில் சிறு திருகாணி ஒன்று இருக்கும். அதைத் திருப்பி முள்ளைச் சரியான இடத்துக்குக் கொணர்வர். இக்கால உணரிகளில் அத்தகைய திருகாணி இல்லை. கணினியில் எழுதும் ஒரு வரியே அவ்வேலையைச் செய்கின்றது.

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் பணிசெயல் முறைமைகளுள் ஒன்று. 1991 ஆம் ஆண்டில் தொடங்கிய இதனை விலையின்றிப் பெறலாம். உள்ளங்கை அளவான ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் இது இயங்கும், மின்செலவும் குறைவு. இவற்றுடன் பெரும்பாலும் பி.எம்.பி. 280 என்னும் உணரி இணைக்கப்படுகின்றது. மின், நிலம், தரவு, துடிப்பு ஆகிய நான்கு கம்பிகள் போதும். மின்னைக் கணினியின் 3.3 வோற்று முனையிலிருந்து மட்டும் கொடுத்தல் வேண்டும். 5 வோற்று முனையில் வெற்று உணரியை இணைத்தால் அது பழுதாகும். அளவுகளைப் பதிவதற்கு வீவெக்ஸ் என்னும் இலவச மென்பொருள் உதவும்.

பி.எம்.பி. 280 உணரியில் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் வரை நிலையான பிழை இருத்தல் இயல்பு. ஆனால் ஏற்ற இறக்கத்தை அது மிக நுட்பமாகக் காட்டும். ஆகவே அந்த நிலையான பிழையைக் கண்டு நீக்கிவிட்டால் மலிவான உணரியும் நல்ல பாரமானியாகும்.

முதற் படி: உயரத்தைச் சரியாக அறிதல்

பெரும்பாலான பிழைகள் உணரியில் அன்று, கணினிக்குக் கொடுத்த உயரத்திலேயே உண்டாகின்றன. கைத்தொலைபேசி காட்டும் உயரத்தை அப்படியே எழுதுவது நமது நாட்டிற் பெருந்தவறாகும். செய்மதி வழியாகக் காணும் உயரம், பூமியை ஒழுங்கான நீள்வட்டத் திண்மமாகக் கொண்டு கணிக்கப்படுவது. உண்மைக் கடல் மட்டம் அத்திண்மத்தோடு எங்கும் பொருந்துவதில்லை. இந்து சமுத்திரத்தில் இலங்கையை அண்டிய பகுதியிலே கடல் மட்டம் அதற்கு ஏறக்குறைய 100 மீற்றர் கீழே இருக்கின்றது. உலகில் இவ்வளவு பள்ளம் வேறெங்கும் இல்லை. இவ்வேறுபாட்டைத் திருத்தாத தொலைபேசி, கடற்கரையில் நிற்பவருக்கும் கடலுக்குக் கீழே 90 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் நிற்பதாகக் காட்டும்.

இதனால் விளையும் தீங்கை ஓர் உதாரணத்தாற் காண்போம். கமக்காரர் ஒருவரின் வீடு கடல் மட்டத்துக்கு மேல் 90 மீற்றரில் உள்ளது. தொலைபேசி 5 மீற்றர் கீழே எனக் காட்ட, அவர் அதையே கணினியில் எழுதுகின்றார். 95 மீற்றர் குறைந்தமையால் கடல்மட்ட அமுக்கம் ஏறக்குறைய 11 ஹெக்டோபாஸ்கல் குறைந்து காணும். 1010 இருக்கவேண்டிய நாளில் திரை 999 ஐக் காட்டும். தாழமுக்கம் தலைக்கு மேல் வந்துவிட்டதென எண்ணி, அவர் முற்றாத நெல்லை வெட்டுவித்தால் அந்நட்டம் யாரைச் சேரும்?

எனவே, நில அளவைத் திணைக்களத்தின் சமவுயரக்கோட்டுப் படத்திலிருந்து வீட்டின் உயரத்தை அறிதல் வேண்டும். அண்மையில் உயரம் குறித்த நில அளவைக் கல் இருப்பின் அது இன்னும் நன்று. நிலத்தின் உயரத்துடன், உணரி நிலத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதனையும் கூட்டுக. மேல்மாடியில் வைத்தால் ஏறக்குறைய 3 மீற்றர் கூடும், அது 0.3 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம்.

இரண்டாம் படி: வைக்கும் இடமும் நேரமும்

அமுக்கம் வீட்டின் உள்ளும் புறமும் ஒன்றே. ஆகவே பாரமானி உணரியை வெயிலும் மழையும் படாத அறையில் வைக்கலாம். கணினியின் சூடு படுமாறு அதனோடு ஒட்டி வைத்தலாகாது. கடல்மட்டக் கணிப்புக்கு வெளி வெப்பநிலை வேண்டும். 90 மீற்றர் உயரத்தில் வெப்பநிலை 10 பாகை பிழைத்தால் 0.3 ஹெக்டோபாஸ்கல் மட்டுமே பிழைக்கும். நுவரெலியா போன்ற இடத்திலோ அதே பிழை 7 ஹெக்டோபாஸ்கலுக்கு மேற்படும். ஆதலால் மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் கடல்மட்ட அளவை விடுத்து, நிலைய அமுக்கத்தின் நாளாந்த மாற்றத்தையே கவனித்தல் சிறந்தது.

இத்தகைய சிறு கணினிகள் பலவற்றிற் கடிகாரத்துக்கான மின்கலம் இல்லை. மின் தடைப்பட்டு, இணையத் தொடர்பும் இல்லாவிடின் கடிகாரம் பின்தங்கி நிற்கும். பதிவுக்கு முன் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாம் படி: ஒப்பிடுதல்

1. தாழமுக்கமோ கடும் இடிமழையோ இல்லாத அமைதியான ஐந்து நாட்களைத் தெரிந்துகொள்க.

2. அண்மையிலுள்ள வளிமண்டலவியல் அவதான நிலையத்தின் கடல்மட்ட அமுக்கத்தைக் காலை 8.30 மணிக்கு உரியதாகப் பெறுக. அதே நேரத்தில் வீட்டுக் கணினி காட்டும் கடல்மட்ட அமுக்கத்தையும் குறித்துக்கொள்க.

3. விமான நிலைய அறிக்கையைப் பயன்படுத்துவோர் மூன்றைக் கவனிக்க. அதன் நேரம் கிறீன்விச் நேரம்; 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நமது நேரம் வரும். அதன் அமுக்கத்திற் பின்னம் நீக்கப்பட்டிருக்கும், 1010.9 உம் 1010 என்றே வரும். ஆகவே பல நாட் சராசரியுடன் 0.5 கூட்டுதல் தகும். அன்றியும் அது நியம வளிமண்டலத்தைக் கொண்டு கணித்த உயரமானி அளவு ஆதலால், தாழ்நிலத்தில் மட்டும் ஒப்பிடத்தக்கது.

4. அவதான நிலைய அளவிலிருந்து வீட்டு அளவைக் கழித்து வித்தியாசத்தை எழுதுக.

உதாரணமாக, ஐந்து நாட் பதிவு பின்வருமாறு அமைந்ததெனக் கொள்வோம்.

முதல் நாள்: நிலையம் 1010.7, வீடு 1009.9, வித்தியாசம் 0.8
இரண்டாம் நாள்: நிலையம் 1010.2, வீடு 1009.5, வித்தியாசம் 0.7
மூன்றாம் நாள்: நிலையம் 1011.3, வீடு 1010.4, வித்தியாசம் 0.9
நான்காம் நாள்: நிலையம் 1010.6, வீடு 1008.2, வித்தியாசம் 2.4
ஐந்தாம் நாள்: நிலையம் 1010.8, வீடு 1010.0, வித்தியாசம் 0.8

நான்காம் நாள் வித்தியாசம் ஏனையவற்றோடு பொருந்தவில்லை. அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அன்று மின் தடைப்பட்டுக் கடிகாரம் பின்தங்கியதால், கணினி 8.30 எனப் பதிந்தபோது உண்மை நேரம் பிற்பகல் 2 மணி. அந்நாளை நீக்கி மற்றை நான்கின் சராசரியைக் காணின் 0.8 வரும். இதுவே திருத்த எண்.

பின்னர் மாலை 5.30 மணி அளவுகளையும் இவ்வாறே ஒப்பிடுக. காலையிலும் மாலையிலும் வித்தியாசம் ஒன்றாயின் பிழை நிலையானது. ஓர் எண்ணைக் கூட்டித் திருத்தலாம். இரண்டும் வேறுபடின், உணரியில் வெயிற் சூடு படுகின்றதா, நேரம் சரியா என்பவற்றைப் பார்த்த பின்னரே திருத்துதல் வேண்டும்.

நான்காம் படி: கணினியில் எழுதுதல்

வீவெக்ஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பை முதலிற் பிரதி செய்து வைத்துக்கொள்க. பின் அக்கோப்பிலுள்ள திருத்தப் பகுதியில், நிலைய அமுக்கம் என்பது நிலைய அமுக்கத்துடன் 0.8 கூட்டியது என்று ஒரு வரி எழுதுக. திருத்தத்தை நிலைய அமுக்கத்திலேயே செய்தல் வேண்டும். கடல்மட்ட அமுக்கமும் உயரமானி அளவும் அதிலிருந்தே கணிக்கப்படுவன ஆதலால் அவை தாமே திருந்தும். கோப்பின் அமுக்க அலகு ஹெக்டோபாஸ்கலோ அங்குல இரசமோ என்பதையும் பார்க்க. 1 அங்குல இரசம் ஏறக்குறைய 33.86 ஹெக்டோபாஸ்கல், அலகு மாறினால் திருத்தமே பெரும்பிழையாகும். எழுதியபின் மென்பொருளை நிறுத்தி மீண்டும் தொடக்குக. திருத்தம் புதிய பதிவுகளுக்கே பொருந்தும், பழையவை மாறா. ஆகையால் திருத்திய தேதியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்க.

திருத்த எண் 2 அல்லது 3 க்கு மேற்பட்டால் உடனே அதை எழுதிவிடலாகாது. உயரம் பிழைத்திருக்கலாம். பிழையான உயரத்தைத் திருத்த எண்ணால் மறைப்பவர், வரம்பு உடைந்த இடத்தை விட்டு வேறிடத்தில் மண் போடுபவரை ஒப்பர்.

திருத்திய பாரமானியை வாசித்தல்

நமது நாட்டில் அமுக்கம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உயர்ந்தும், பிற்பகல் 4 மணியளவிலும் அதிகாலை 4 மணியளவிலும் தாழ்ந்தும் நிற்கும். காலை 10 முதல் பிற்பகல் 4 வரை ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் இறங்குவது இயல்பு. இதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இன்று காலை 10 மணி அளவை நேற்றுக் காலை 10 மணி அளவோடு ஒப்பிடுதலே முறை. அவ்வாறு ஒப்பிட்டும், காலத்துக்குரிய சராசரியிலிருந்து 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் புயலை ஐயுறுக என்றும், 5 குறைந்தால் ஐயமேயில்லை என்றும் வெப்பவலயக் கடலோடிகள் விதி வகுத்துள்ளனர்.

1978 ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2020 டிசம்பர் 2 இல் கிழக்குக் கரையைக் கடந்த புரெவிப் புயலையும் நினைவிற் கொள்வோர், கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்த 3, 5 என்னும் எண்களை மறக்கமாட்டார். நிலையான பிழையும் உயரப் பிழையும் நீங்காத கருவியில் இவ்வெண்களுக்குப் பொருளில்லை.

ஆயினும் பாரமானிக்கு எல்லை உண்டு. சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பிற்பகலில் வரும் இடிமழையை அது முன்னறிவிக்காது. புயல் எத்திசையில் வரும் என்பதையும் கூறாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையே முதன்மையானது. வீட்டுப் பாரமானி அதற்குத் துணை மாத்திரமே.

ஆண்டுக்கு இருமுறை, பெரும்போக விதைப்புக்கு முன்னும் சிறுபோக விதைப்புக்கு முன்னும், இவ்வொப்பீட்டை மீண்டும் செய்க. ஐந்து நாட் காலையில் ஐந்து நிமிட நேரமே இதற்குச் செல்லும். வெட்டு நாளையும் பசளையிடும் நாளையும் தீர்மானிப்பதற்கு உதவும் கருவி உண்மை பேசுதற்கு இச்சிறு முயற்சி போதுமானது.