மின்னோட்டக் காப்பின் எல்லை

ஸ்விட்ச்சிங் மின்வழங்கிகளுக்கான ஐ.சி.களின் விவரத்தாளில் 'மிகை மின்னோட்டக் காப்பு உண்டு' என்றொரு வரி காணப்படும். செயல்திட்டத்துக்காகத் தாமே மின்வழங்கி அமைக்கும் நம் மாணவ நண்பர் சிலர், அவ்வரியைக் கண்ட மாத்திரத்தில் ஃபியூஸை விட்டுவிடுகின்றனர். அக்காப்பு எதுவரை காக்கும் என்பதை ஈண்டு ஒரு கணக்கினால் காட்ட விரும்புகிறேன்.

24 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்று ஒன்றைக் கொள்வோம். சுருள் 10 மைக்ரோஹென்றி. டிரான்சிஸ்டர் விநாடிக்கு 5 இலட்சம் முறை இயங்குகிறது. ஆகவே ஒரு சுழற்சிக்கு 2 மைக்ரோவிநாடி. மின்னோட்டம் 5 ஆம்பியரை எட்டினால் ஐ.சி. அதனைக் கண்டு டிரான்சிஸ்டரை நிறுத்திவிடும்.

இங்கேதான் ஒரு சங்கடம். டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் கணத்தில், டையோடு உடனே அடைபடாமையால் மின்னோட்டம் ஒரு முள்போல் எழுந்து தணியும். அதை ஆபத்தென்று எண்ணி ஏமாறாதிருக்க, ஐ.சி. சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்கிறது. அது 150 நானோவிநாடி எனக் கொள்வோம். அதற்குக் குறைவாக டிரான்சிஸ்டர் கடத்தவே முடியாது. சாதாரண வேளையில் இதனால் தீங்கில்லை. அப்போது அது கடத்தும் நேரம் ஏறத்தாழ 450 நானோவிநாடி.

வெளியீட்டில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் என்ன ஆகும்? வெளியீடு சுழி வோல்ட். கண்மூடிய அந்த 150 நானோவிநாடியில் 24 வோல்ட்டும் சுருளின்மேல் விழ, மின்னோட்டம் 0.36 ஆம்பியர் ஏறும். எஞ்சிய 1.85 மைக்ரோவிநாடியில் அதை இறக்க டையோடின் 0.5 வோல்ட் தவிர வேறில்லை, இறக்கம் 0.09 ஆம்பியர்தான். வரவு முப்பத்தாறு காசு, செலவு ஒன்பது காசு! சுழற்சிதோறும் மிச்சம் சேருகிறது. காப்பு ஒவ்வொரு முறையும் தன் கடமையைச் செய்துகொண்டே இருக்க, மின்னோட்டம் எல்லை தாண்டிப் படியேறுகிறது. சுற்றின் மின்தடை 50 மில்லிஓம் என்றால், ஏற்றம் நிற்பது ஏறத்தாழ 27 ஆம்பியரில். அதற்கு முன்பே சுருளின் உள்ளகம் தெவிட்டி, ஏற்றம் இன்னும் விரைவுபட்டு, டிரான்சிஸ்டர் எரிந்துபோகக்கூடும்.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. வெளியீடு வீழ்ந்ததும் வேகத்தை விநாடிக்கு 1 இலட்சமாகக் குறைத்தால், இறங்கும் நேரம் 9.85 மைக்ரோவிநாடி ஆகும், இறக்கம் 0.49 ஆம்பியர், ஏற்றத்தை மிஞ்சிவிடும். மின்னோட்டம் எல்லைக்குக் கீழே இறங்கும்வரை அடுத்த சுழற்சியைத் தொடங்கவே விடாதிருப்பது மற்றொரு முறை. என் மதிப்பில் இதுவே மேலானது. சில மில்லிவிநாடி ஓய்ந்து மீண்டும் முயலும் ஐ.சி.களும் உள. ஆனால் வெளியீட்டில் பெரிய மின்தேக்கிகளை வைத்தால், அவை மின்னேறுவதையே குறுக்குச்சுற்றென்று மயங்கி, இவை தொடங்காமலே திணறும்.

மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றிலோ நிலைமை இன்னும் மோசம். அங்கே மூலத்திலிருந்து சுருள், டையோடு வழியே வெளியீட்டுக்கு நேர்வழி திறந்தே கிடக்கிறது. டிரான்சிஸ்டர் இருப்பதோ பக்கவழியில். அதை நிறுத்தினாலும் நேர்வழி அடைபடாது. தொடரில் தனி ஸ்விட்ச் வேண்டும். இல்லையேல் ஃபியூஸ் வேண்டும்.

ஃபியூஸ் டிரான்சிஸ்டரைக் காக்காது என்பார் உளர், உண்மையே. அது உருகச் சில மில்லிவிநாடியாவது ஆகும். டிரான்சிஸ்டருக்கு மைக்ரோவிநாடிகளே போதும். எரிந்த டிரான்சிஸ்டர் பெரும்பாலும் கம்பிபோல் கடத்திக்கொண்டு நிற்கும். அப்போது கம்பியும் பலகையும் விடுதி அறையும் தீப்பற்றாமல் இருக்கவே ஃபியூஸ்.