பழைய டிஸ்க்மேன் ரூ.1,800-க்கு கிடைச்சா லாபமா? மூணு பிளேயர் கத்துக்கொடுத்த கணக்கு



"பழைய சிடி பிளேயரை வாங்கி, ரிப்பேர் பண்ணி வித்தா சைடு இன்கம் வருமா?" வீடியோவுக்குக் கீழே இந்தக் கேள்வி அடிக்கடி வருது. ஆவடியில் உட்கார்ந்து நான் இதைச் செய்து பார்த்தவன். அதனால் நேரா என் நோட்டுப்புத்தகக் கணக்கையே காட்டிடறேன்.

இதுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1982 அக்டோபரில் சோனி விற்ற முதல் சிடி பிளேயரின் விலை 1,68,000 யென். இரண்டே வருஷத்தில், 1984 நவம்பரில், கையில் எடுத்துப் போகும் டி-50 மாடல் 49,800 யென்னுக்கு வந்தது. டிஸ்க்மேன் வரிசைக்கு ஆரம்பம் இதுதான். நம்ம ஊரில் பர்மா பஜாரில் வாங்கியதோ, வளைகுடாவில் இருந்து மாமா கொண்டுவந்ததோ, பல வீட்டுப் பரண்ல இன்னும் தூங்கிட்டிருக்கு. முதலில் அங்கே தேடுங்க. செலவு பூஜ்யம்.

என் கணக்கு

"ஓடுதான்னு பார்க்கல, அப்படியே எடுத்துக்கோங்க" என்ற நிலையில் மூன்று பிளேயர் வாங்கினேன். ரூ.1,800, ரூ.1,400, ரூ.2,300. மொத்தம் ரூ.5,500. அடாப்டர், கிரீஸ், ஆல்கஹால், சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் எல்லாம் சேர்த்து ரூ.1,200. ஆக ரூ.6,700.

கடைசியில் ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று. அதே மாடல், ஓடும் நிலையில், அப்போ ரூ.3,500-க்கு கிடைத்தது. அதாவது வித்திருந்தாலும் ரூ.3,200 நஷ்டம். நான் "ரூ.1,800-க்கு வாங்கினேன்"னு ஆபீஸ்ல பெருமை அடிச்ச பிளேயரின் உண்மை விலை ரூ.6,700. ஓடாத இரண்டின் விலையும் ஓடும் ஒன்றின் தலையில்தான் விழும். இதை மறந்தால் எல்லாமே சல்லிசாத்தான் தெரியும்.

எந்தப் பழுது செலவு வைக்கும்?

• பவரே வரவில்லை: பேட்டரி கசிந்து காண்டாக்ட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைச்சா பெரும்பாலும் சரியாகும்.
• சிடி சுத்துது, ஆனா "நோ டிஸ்க்": லென்ஸ் அழுக்கா இருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் துடைக்கணும்.
• முதல் பாட்டு ஓடுது, கடைசிப் பாட்டு திக்குது: லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கும். பழசைத் துடைச்சிட்டு புதுசு கொஞ்சமா வைக்கணும்.
• இத்தனைக்கும் பிறகு படிக்கவில்லை: லேசரே தேய்ந்திருக்கலாம். இதுதான் பர்ஸைக் கடிக்கும். பல மாடலுக்குப் புது லேசர் கிடைக்காது. இன்னொரு பிளேயரை வாங்கிக் கழட்டணும். என் இரண்டும் இங்கேதான் படுத்தது.

ஒரு எச்சரிக்கை: சிடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குச் சரியாத் தெரியாது. மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு லென்ஸை எட்டிப் பார்க்காதீங்க. அடாப்டர் மாட்டும் முன் வோல்ட்டும் பிளஸ்-மைனஸ் குறியும் பாருங்க. மாடலுக்கு மாடல் மாறும், தப்பா மாட்டினா போர்டே போயிடும்.

வாங்கும் முன் இதைப் போடுங்க

ஓடும் நிலையில் விலை ரூ.3,500. ஓடாததை வாங்கினால் தேற பாதி வாய்ப்புன்னு தாராளமாவே வைப்போம். 3,500-ல் பாதி 1,750. ரிப்பேர் செலவு ரூ.500 கழிச்சா ரூ.1,250. அதுக்கு மேல கேட்டா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. நான் கொடுத்த ரூ.1,800, சந்தோஷமா கொடுத்த தண்டம்.

ஆவடியில் லோக்கல் ட்ரெயின் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், பக்கத்தில் ரிச்சி ஸ்ட்ரீட். அந்த மாதிரி நேரில் வாங்கப் போனால் ஒரு ஒரிஜினல் சிடி, ஹெட்போன், இரண்டு பென்டார்ச் பேட்டரி கையில் இருக்கட்டும். கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்க. சிடி உள்ளிருந்து வெளியே படிப்பதால், கடைசிப் பாட்டு ஓடினால் லென்ஸ் முழுத் தூரமும் நகருதுன்னு அர்த்தம். ஆன்லைன்ல வாங்கினா அதே பாட்டு ஓடும் வீடியோ கேளுங்க.

பணம் எங்கிருந்து வரணும்?

அவசர நிதியும் எஸ்.ஐ.பி.யும் போன பிறகு மிஞ்சுவதில் இருந்து. சம்பளம் ரூ.30,000 என்றால் 2%, அதாவது மாசம் ரூ.600 தனியா எடுத்து வைங்க. இரண்டு மாசத்தில் ரூ.1,200, ஒரு பிளேயருக்குப் போதும். கிரெடிட் கார்டில் வாங்கி மினிமம் மட்டும் கட்டினால், மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. எந்த டிஸ்க்மேனும் அந்த வேகத்தில் விலை ஏறாது.

வரி விஷயம்: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பிளேயரை எப்பவாவது விற்றால் மூலதன ஆதாய வரி வராது, அது தனிப்பட்ட உபயோகப் பொருள். ஆனா வாங்கி, சரிபண்ணி, விற்பதையே தொடர்ந்து செய்தால் அது தொழில் வருமானம். ரிட்டர்னில் காட்டணும்.

அந்த ஒரு பிளேயர் இன்னமும் என் மேஜையில் ஓடுது. விற்கப் போவதில்லை. ஆனா நோட்டுல அதை "முதலீடு" பக்கத்தில் இருந்து அடிச்சிட்டு "பொழுதுபோக்கு" பக்கத்தில் எழுதிட்டேன். நீங்க முதல் பிளேயர் வாங்கும்போதே அந்தப் பக்கத்தில் எழுதிடுங்க.