கவர்னர்களின் வாழ்க்கையை எழுத வருகிற இளையவர்களுக்கு

வெள்ளைக்கார கவர்னர் ஒருவரின் வாழ்க்கையை எழுத ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று கேட்டு வருகிறீர்கள். பொதுவாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். அதனால் மவுண்ட்ஸ்டுவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப் என்ற ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டே சொல்கிறேன். 1857 முதல் 1881 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், அதன்பின் 1886 வரை சென்னை மாகாண கவர்னர்.

1. குடும்பக் கதையில் மூழ்கிவிடாதீர்கள். தந்தை ஜேம்ஸ் கிராண்ட் டஃப் சாத்தாராவில் ரெசிடென்ட்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர், மராட்டியர் வரலாற்றை எழுதியவர். பம்பாய் கவர்னராக இருந்த எல்ஃபின்ஸ்டனின் பெயரைத்தான் 1829-இல் பிறந்த மகனுக்கு வைத்தார். இதற்கு ஒரு பக்கம் போதும்.

2. கவர்னர் பதவிக்கு முந்தைய 24 ஆண்டுகளை ஒரே பத்தியில் தாண்டிவிடாதீர்கள். வருகிற கையெழுத்துப் பிரதிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். ஸ்காட்லாந்தின் எல்ஜின் தொகுதியிலிருந்து லிபரல் கட்சிக்காரராகத் தேர்வானவர் அவர். கிளாட்ஸ்டன் பிரதமராக இருந்த 1868–74 காலத்தில் இந்தியாவுக்கான துணை அமைச்சர். அப்போது இந்திய அமைச்சரான ஆர்கைல் பிரபு மேலவையில் இருந்தார். அதனால் இந்தியாவைப் பற்றி மக்களவையில் எழும் கேள்விகளுக்கு எழுந்து பதில் சொல்லும் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. நாடாளுமன்ற விவாதப் பதிவுகளை ஆண்டு வரிசையில் படியுங்கள். கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லியே பழகிய ஒருவர் அங்கே தெரிவார்.

3. அடுத்து, அவர் வந்து உட்கார்ந்த நாற்காலியைப் பாருங்கள். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை சட்டசபையில் இருந்தவர்கள் எல்லோரும் நியமன உறுப்பினர்கள். சட்ட மசோதாவைத் தவிர வேறு எதையும் அவர்கள் பேச முடியாது. நிர்வாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை 1892-இல்தான் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் தினம் பதில் சொன்னவர், பதில் சொல்லவே தேவையில்லாத இடத்தில் ஐந்தாண்டுகள் இருந்தார். நீங்கள் எழுதப்போகும் வரலாற்றின் முதுகெலும்பு இந்த மாற்றம்தான். அவர் நல்லவரா கெட்டவரா என்று தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

4. நாட்குறிப்பிடம் கவனமாக இருங்கள். கிராண்ட் டஃபின் நாட்குறிப்புகள் 14 தொகுதிகளாக அச்சேறியவை. அவற்றில் 1899-இல் வந்த இரண்டு தொகுதிகள் தென்னிந்தியக் காலத்தைச் சொல்கின்றன. செடிகொடிகள், விருந்தினர், படித்த புத்தகங்கள், கேட்ட துணுக்குகள் என்று படிக்க இனிமையானவை. தாவரங்களில் அவருக்கு இருந்த ஈடுபாடு உண்மையானது, அதை மதித்தே எழுதுங்கள். ஆனால் ஆட்சி நடந்த விதம் அங்கே பெரும்பாலும் இல்லை. எதை அச்சிடலாம் என்று தேர்ந்தெடுத்தவர் அவரேதான். விட்டுப்போனதைத் தேட லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களோடு இருக்கும் அவருடைய காகிதங்களுக்கும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அரசாணை (ஜி.ஓ.) கட்டுகளுக்கும் போக வேண்டும். எழும்பூரில் முதல் வாரம் இன்டெக்ஸ் புத்தகங்களைப் புரட்டுவதிலேயே போய்விடும். போகட்டும், அவசரப்படாதீர்கள்.

5. சபையில் கேட்க முடியாத கேள்விகள் வெளியே எங்கே எழுந்தன என்று தேடுங்கள். 'தி இந்து' 1878-இல் தொடங்கப்பட்டு, 1883-இல் வாரம் மும்முறை வரத் தொடங்கியது. செங்கல்பட்டு விவசாயிகள் விவகாரத்திலும், 1882 சேலம் கலவர வழக்குகளிலும் அந்தப் பத்திரிகை கவர்னரைக் கடுமையாகத் தாக்கியது. சேலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சி. விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். 1884-இல் சென்னை மகாஜன சபை என்ற அரசியல் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் 'தி இந்து'வின் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய நிர்வாகத்தை ராயல் கமிஷன் வைத்து விசாரிக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம். இதையெல்லாம் கிராண்ட் டஃபின் ஆட்சிக்குப் பின்னணிக் காட்சியாக ஒதுக்காதீர்கள். அவருடைய வாழ்க்கையில் சரிபாதி இது.

6. மெரினாவைப் படைத்தவர் என்று எழுதாதீர்கள். கடலோர நடைபாதையைப் போட்டதும், சிசிலியின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்ததும் அவர். மணலைக் கொண்டுவந்து குவித்தது கடல். அவருக்கு முன்பே, 1870-களில், கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் தெற்கிலிருந்து வந்த மணலைத் தடுத்து நிறுத்தின. அவர் பதவியேற்ற அதே நவம்பரில் புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது. இதையும் சேர்த்துச் சொன்னால் கதையும் நன்றாகும், உண்மையும் நிற்கும்.

7. ஒரு சட்டத்தைப் பாராட்டினால் இன்னொன்றை மறைக்காதீர்கள். 1884-இல் வந்த நகராட்சிச் சட்டமும் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் கொள்கையைப் பின்பற்றியவை. ஊர்க் காரியங்களில் இந்தியர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தன. அதே ஆட்சியில்தான் 1882-இன் சென்னை வனச் சட்டமும் வந்தது. கிராமத்து மக்கள் விறகு பொறுக்கிய, ஆடுமாடு மேய்த்த காடுகள் அரசின் ரிசர்வ் காடுகள் ஆயின. அந்த மக்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. அவர்கள் கொடுத்த மனுக்களை வருவாய்த்துறை, வனத்துறைக் கட்டுகளில் தேடுங்கள். மனு ஒன்று, அதன்கீழ் அதிகாரியின் குறிப்பு ஒன்று கிடைத்தாலும் அதை முழுமையாக விவரியுங்கள். கவர்னர் மாளிகை விருந்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

8. பதவி முடிந்ததும் புத்தகத்தை முடித்துவிடாதீர்கள். ஊர் திரும்பியவர் ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டிக்கும் ராயல் ஹிஸ்டாரிகல் சொசைட்டிக்கும் தலைவரானார். 1906-இல் இறந்தார். அந்த ஆண்டுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தியாவின் வறுமையைப் பற்றி சாமுவேல் ஸ்மித் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் எழுதியதை மறுத்து, கிராண்ட் டஃப் 1887-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அதற்கு வரிக்கு வரி பதில் கொடுத்தவர் தாதாபாய் நௌரோஜி. பின்னர் அந்தப் பதிலை 1901-இல் வெளியான தன் பெரிய நூலிலும் சேர்த்துக்கொண்டார். இருவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சென்னையில் கவர்னராக இருந்தவரைச் சட்டசபையில் யாரும் கேட்க முடியாத கேள்விகளை, பதவி போன பிறகு ஓர் இந்தியர் அச்சில் கேட்டார். 1892-இல் நௌரோஜி மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் வென்று, கிராண்ட் டஃப் 24 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அதே மக்களவைக்குள், அதே லிபரல் கட்சியின் உறுப்பினராக நுழைந்தார். இந்த அத்தியாயத்துக்குக் குறைந்தது முப்பது பக்கம் ஒதுக்குங்கள்.