மலைப்பாதைக்கு விடை

பள்ளிபாளையத்திற்கும் ஈரோட்டுக்கும் இடையே காவிரி ஓடுகின்றது. ஆற்றின் கீழ்க்கரையில் நின்று நோக்குவோர்க்கு, இருப்புப்பாதைப் பாலத்தின்மீது புகைவண்டிகள் இரவும் பகலும் சென்றுகொண்டிருப்பது பழகிய காட்சி. தறியோசை கேட்டு வளரும் இவ்வூர்ச் சிறுவர், வண்டியோசையும் கேட்டே வளர்கின்றனர். இப்பாதை இன்று நேற்று அமைந்ததன்று. சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரையில் 1862ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டது. அன்று தொடங்கி இன்றளவும் அதன் பெரும்பகுதி பணிபுரிந்து வருகின்றது.

எல்லாப் பாதைகளுக்கும் இத்தகைய நீண்ட வாழ்வு வாய்ப்பதில்லை. சில பாதைகள் உருமாறுகின்றன. சில அடியோடு மறைகின்றன. அவ்வாறு உருமாறவிருந்த ஒரு மலைப்பாதையில், அதன் இறுதி நாட்களில் சென்று வந்த செய்தியை இப்பாடத்தில் காண்போம்.

அதற்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும். இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள அகலம் எல்லாப் பாதைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. காவிரிப் பாலத்தின்மீது செல்லும் பாதை அகலப்பாதை. அதன் அகலம் 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். இவற்றினும் குறுகிய பாதைகளும் உண்டு. அவற்றைக் குறும்பாதை என்பர். முதலில் நம் நாட்டில் அகலப்பாதையே பெரிதும் போடப்பட்டது. அதற்குச் செலவு மிகுதியாகவே, 1870ஆம் ஆண்டையொட்டி, மேயோ பிரபு தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், ஆங்கில அரசு மீட்டர் பாதையை மேற்கொண்டது. சிறிய பாலம், சிறிய குகை, சிறிய எஞ்சின் ஆகியவை இதற்குப் போதும். மலைச்சரிவுகளில் குறுகிய வளைவுகளாகத் திரும்பவும் இஃது ஏற்றது. செலவு குறைந்தது, பாதைகள் பெருகின.

ஆயினும், ஒரு வசதியைத் தேடியபோது ஓர் இடர் உடன் வந்தது. ஒருவகைப் பாதையில் ஓடும் வண்டி மற்றொருவகைப் பாதையில் ஓடாது. இருவகைப் பாதைகளும் கூடும் நிலையத்தில், மக்கள் ஒரு வண்டியினின்றும் இறங்கி வேறொன்றில் ஏறுதல் வேண்டும். மூட்டைகளை இறக்கி மீண்டும் ஏற்றுதல் வேண்டும். ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பாதையும் முதலில் அகலப்பாதையாக இருந்து, பின்பு மீட்டர் பாதையாக மாறி, அதன்பின் மீண்டும் அகலப்பாதை ஆயிற்று. அது மீட்டர் பாதையாக இருந்த நாட்களில், ஈரோட்டில் சுமைகள் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றப்பட்டன. காலமும் கூலியும் வீணாயின, பொருள்களும் சேதமுற்றன. இவ்விடரை நாடு முழுவதிலும் நீக்கக் கருதியே, பாதைகளை ஒரே அகலத்தனவாக ஆக்கும் திட்டம் 1992ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக மீட்டர் பாதைகள் அகலப்பாதைகளாக மாறின.

அவ்வாறு மாறவிருந்தவற்றுள் ஒன்று செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் மலைப்பாதை. திருநெல்வேலிச் சீமையையும் கொல்லத்துத் துறைமுகத்தையும் இணைத்த பாதையின் நடுப்பகுதி அது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மன்னர் ஆண்ட காலத்தில், தென்னிந்திய இரயில்வேயாரால் போடப்பட்டு, 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மலைக்குக் கீழ்ப்பால் விளைந்த நெல்லும் பருத்தியும் மேற்கே சென்றன. மேல்பாலுள்ள மரமும் மணப்பொருள்களும் கிழக்கே வந்தன. செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லைகள் மொழிவழி வகுக்கப்பட்டபோது, அவ்வூர் தமிழகத்துடன் இணைந்தது. மலையைக் குடைந்து சென்ற பாதை அதன்பின் இரு மாநிலங்களையும் இணைக்கும் கயிறாயிற்று.

2010ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அப்பாதை மூடப்படும் என்ற செய்தி பரவிற்று. அதனைக் கேட்டு, பள்ளிபாளையத்திலிருந்து நண்பர் இருவருடன் புறப்பட்டேன். ஈரோட்டில் வண்டியேறி, மதுரை, விருதுநகர், இராசபாளையம் வழியாகச் செங்கோட்டையை அடைந்தோம். அந்நிலையத்தில் அகலப்பாதை வந்து முடிந்தது. மீட்டர் பாதை அங்கிருந்து தொடங்கியது. பெரிய வண்டிகளின் அருகில் நின்ற சிறிய வண்டி, யானைக்கு அருகில் நிற்கும் கன்றுபோலக் காணப்பட்டது. எங்களைப் போலவே விடைகொடுக்க வந்தோர் பலர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர், சந்தைக்குக் கூடை சுமந்து செல்லும் மகளிர், பள்ளிச் சிறுவர் ஆகியோர்க்கோ அஃது ஒரு காட்சிப்பொருளன்று. நாள்தோறும் ஏறியிறங்கும் ஊர்தி.

கொடி அசைந்தது, வண்டி நகர்ந்தது. வயல்களும் தென்னந்தோப்புகளும் பின்னே சென்றன. எதிரே நீலமலை உயர்ந்து நின்றது. தென்மேற்குப் பருவத்தின் சாரல் சன்னல் வழியே வந்து முகத்தைத் தொட்டது. பகவதிபுரத்தைக் கடந்ததும் ஏற்றம் மிகுந்தது. வண்டி பெருமூச்செறிந்து மெல்ல மெல்ல ஏறிற்று. சற்றுப் பொழுதில் நெடிய குகை எங்களை விழுங்கிற்று. இருள் சூழ்ந்தது, குளிர்ந்த காற்று வீசிற்று, சிறுவர் கூவிய கூவல் கற்சுவர்களில் மோதி எதிரொலித்தது. தமிழகத்தில் குகைக்குள் நுழைந்த நாங்கள் வெளிவந்தபோது கேரளத்தில் இருந்தோம். பசுமை நிறைந்த ஆரியங்காவு எங்களை வரவேற்றது. சாஸ்தாவின் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது.

இத்தகைய ஒற்றைப் பாதைகளில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதிருக்க, முன்னோர் எளிய முறையொன்றை அமைத்திருந்தனர். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு உரிய அடையாளம் ஒன்று உண்டு. அதனை டோக்கன் என்பர். ஒரு நேரத்தில் ஒன்றே வெளியே எடுக்கும்படி பொறி அமைந்திருக்கும். பெரிய வளையத்தில் கட்டிய பையில் அதனை இட்டு ஓட்டுநரிடம் கொடுப்பர். அது கையில் இல்லாதவர் வண்டியை அப்பகுதிக்குள் செலுத்தலாகாது. அடுத்த நிலையத்தில் அதனை ஒப்படைத்த பின்னரே, மற்றொரு வண்டிக்கு வழி பிறக்கும். ஒரு சிறு பொருளின்மீது வைத்த ஒழுங்கு நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தது.

கழுதுருட்டிக்கு அருகில் பதின்மூன்று கண் பாலம் வந்தது. அனைவரும் சன்னலோரம் நெருங்கினர். கீழே நெடுஞ்சாலை; மேலே வண்டி; இரண்டிற்கும் இடையில் பதின்மூன்று வளைவுகளைத் தாங்கி நிற்கும் கருங்கல் தூண்கள். கல்லும் சுண்ணக் காரையும் கொண்டு எழுப்பிய அப்பாலத்தை இரும்புத் தூண்கள் தாங்கவில்லை. அதன் வலிமை எங்கிருந்து வந்தது? வளைவில் அடுக்கிய கற்கள் ஒவ்வொன்றும் தன் அருகிலுள்ள கல்லை நெருக்குகின்றன. மேலே சுமை ஏறுந்தோறும் அந்நெருக்கம் மிகுகின்றது, பிடிப்பும் உறுதியாகின்றது. அச்சுமை இருபுறமும் பிரிந்து, தூண்களின் வழியே நிலத்தை அடைகின்றது. தனித்து நின்றால் விழுந்துவிடும் கற்கள், சேர்ந்து நின்றமையால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வண்டியைச் சுமந்தன. ஒற்றுமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தென்மலை, ஒற்றைக்கல், எடமண் ஆகிய நிலையங்களைக் கடந்து புனலூரை அடைந்தோம். ஏறத்தாழ 49 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. விரைவை விரும்புவோர்க்கு அது குறை. ஆயின், மலையையும் அருவியையும் மனிதரையும் கண்டு செல்ல அதுவே போதிய பொழுதைத் தந்தது.

வழியில் ஒரு நிலையத்தில் வண்டி சற்று நின்றபோது, பாதையைப் பேணும் தொழிலாளி ஒருவரைக் கண்டு பேசினோம். நரைத்த தலை, காய்ப்பேறிய கை, தோளில் நீண்ட சுத்தியல். "பாதை மூடப்படுவது உங்களுக்கு வருத்தம் தருகின்றதா?" என்று வினவினேன்.

"ஐயா, முப்பது ஆண்டுகளாக இந்தப் பாதையில் நடக்கின்றேன். எந்த வளைவில் எந்தக் கட்டை தளரும் என்பதை என் கால்களே அறியும். எனக்கு வேறிடத்தில் வேலை கொடுத்துவிடுவார்கள். இந்த மலைமேல் இருக்கும் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கு எப்படிப் போவார்கள்? அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கின்றேன்" என்றார்.

பழமையின் அழகைக் கண்டு மகிழச் சென்ற எங்களுக்கு, அவருடைய சொல் புதியதொரு கண்ணைத் திறந்தது. நாங்கள் பாதையைக் கண்டோம்; அவர் பாதையால் வாழ்வோரைக் கண்டார்.

அவர் அஞ்சியது பொய்யாகவில்லை. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாளோடு மீட்டர் பாதையில் வண்டிப் போக்குவரத்து நின்றது. குகைகளை அகலப்படுத்துதலும் பாலங்களை வலுப்படுத்துதலும் மலையில் எளிய செயல்களல்ல. 2018ஆம் ஆண்டில்தான் மலைப்பகுதி முழுவதிலும் அகலப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கிற்று. இடைப்பட்ட ஏழாண்டுகளுக்கும் மேலாக, மலைவாழ் மக்கள் புகைவண்டி இன்றியே காலம் கழித்தனர். பள்ளியில் சேர்ந்த சிறுவன் ஒருவன் பள்ளிப் படிப்பில் பெரும்பகுதியை முடித்திருக்கக்கூடிய காலம் அது. ஆக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வாக்கம் வந்துசேரும் வரையில் இடைவழியில் நிற்போரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும், அப்பாதைக்கு வாய்த்த நற்பேறும் ஒன்று உண்டு. பதின்மூன்று கண் பாலம் இடிக்கப்படவில்லை. அதன் தூண்கள் வலுப்படுத்தப்பட்டன. இன்று அகலப்பாதை வண்டிகளையும் அதுவே சுமக்கின்றது. தமிழகத்தினின்றும் கேரளத்திற்குச் செல்லும் நெடுந்தொலைவு வண்டிகள், இடையில் மாறி ஏறும் இடரின்றி அதன்மேல் செல்கின்றன. பழமையின் உறுதியும் புதுமையின் பயனும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

எல்லாப் பாதைக்கும் இந்நற்பேறு கிட்டவில்லை. பழைய சேலம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டில் குறும்பாதை ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் அஃது ஓசூர் வரையில் நீண்டது. வறட்சி மிக்க அப்பகுதிக்குப் பஞ்சக் காலத்தில் உணவுப்பொருள் கொண்டு சேர்ப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1941ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது, தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் பாதை அமைக்க 2019ஆம் ஆண்டில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு பாதையை அகற்றச் சில திங்கள் போதும். அதனை மீண்டும் பெறுதற்குத் தலைமுறைகள் காத்திருத்தல் வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

ஆகவே, பழைய பாதைகள் அனைத்தையும் அவ்வாறே வைத்திருத்தல் வேண்டுமா? அஃது இயலாது, வேண்டுவதுமன்று. மக்கள் தொகை பெருகுகின்றது, பண்டங்கள் பெருகுகின்றன. பாதையும் அவற்றிற்கேற்ப வளர்தல் வேண்டும். ஆயின், சிலவற்றை மாற்றாமல் காத்தலும் அறிவுடைமை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899ஆம் ஆண்டிலும், உதகமண்டலத்திற்கு 1908ஆம் ஆண்டிலும் சென்ற நீலகிரி மலைப்பாதை இன்றும் மீட்டர் பாதையாகவே உள்ளது. பற்சக்கரத்தால் மலையேறும் அவ்வண்டியின் அருமை நோக்கி, 2005ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அப்பாதையை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா குறும்பாதையும் 2008ஆம் ஆண்டில் அச்சிறப்பைப் பெற்றது. எஞ்சினும் பயணிகளின் இருக்கையும் ஒரே பெட்டியில் அமைந்த பழைய இரயில் கார்களும் அங்கே மலையேறி வந்துள்ளன.

எதனை மாற்றுவது, எதனைக் காப்பது என்பதை ஆராய்ந்து துணிதலே சான்றோர் கடமை. பயன் உள்ளதா, உறுதி உள்ளதா, அதனை நம்பி வாழ்வோர் யாவர் என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். பழமை என்னும் காரணத்தால் ஒன்றைத் தொழுதலும் பிழை; அக்காரணத்தாலேயே ஒன்றைத் தள்ளுதலும் பிழை.

மாணவர்களே! நும் ஊரிலும் பழைய பாலம் ஒன்று இருக்கலாம். மதகு ஒன்று இருக்கலாம். தறிக்கூடம் ஒன்று இருக்கலாம். அதனைக் கட்டியோர் யாவர், எதற்காகக் கட்டினர், இன்று அதனால் பயன் பெறுவோர் யாவர் என்று பெரியோரிடம் கேட்டறிந்து எழுதி வையுங்கள். ஒரு பொருள் மாறுவதைத் தடுக்க நம்மால் இயலாமற் போகலாம். அதனை அறியாமலே இழந்துவிடாதபடி காத்துக்கொள்ளுதல் நம் கையில் உள்ளது.